கவுன்சிலில் கலை வேலை: ஆஸ்திரேலியத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவில் நம்மூர் நகராட்சி போன்ற உள்ளூர் கவுன்சில்களின் கலை, பண்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். தமிழ்ப் பள்ளி வாசலில், கோயில் சாப்பாட்டு வரிசையில், கல்யாண மண்டபத்தில் என்று எங்கே போனாலும் இதே கேள்விகள் வருவதால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எனக்கு நன்றாகப் பழக்கமானவை நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும்தான், அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

இந்த வேலைக்குப் பெயர் என்ன? நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?

பெயர் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். கம்யூனிட்டி கல்ச்சரல் டெவலப்மென்ட் ஆபீசர் என்பார்கள், ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் ஆபீசர் என்பார்கள். தமிழில் சமூகக் கலை அலுவலர் என்று வைத்துக்கொள்ளலாம். ஊரில் வாழ்கிறவர்கள் தாங்களே பாட, ஆட, வரைய, எழுத, படம் எடுக்க, அதில் எதைச் செய்வது எப்படிச் செய்வது என்பதையும் தாங்களே முடிவு செய்ய, அதற்கு வேண்டிய இடம், பணம், நேரம், அனுமதி, கூடவே நிற்க ஒரு நல்ல கலைஞர், இதையெல்லாம் கவுன்சிலுக்குள் இருந்துகொண்டு பிடித்துக் கொடுப்பதுதான் வேலை. படைப்பவர்கள் அவர்கள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பது நான்.

கவுன்சில் என்றால் குப்பை, ரோடு, ரேட்ஸ் என்ற சொத்து வரி. அவர்களுக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. நம் ஆட்களுக்கு இது தெரியாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஆஸ்திரேலியாவில் 530க்கு மேற்பட்ட கவுன்சில்கள் இருக்கின்றன, நியூ சவுத் வேல்ஸில் மட்டும் 128, விக்டோரியாவில் 79. 2017-18இல் மூன்று அடுக்கு அரசுகளும் கலை பண்பாட்டுக்குச் செலவழித்த பணத்தில் ஏறத்தாழ 26 சதவீதம் கவுன்சில்களிடமிருந்து வந்தது. நாலில் ஒரு பங்கு! நூலகம், அரங்கம், காட்சிக்கூடம், பூங்கா மேடை, சுவர் ஓவியம் எல்லாம் அதில் அடக்கம். சிட்னியில் பரமட்டாவின் ரிவர்சைடு தியேட்டர்ஸ் கவுன்சிலுடையது. லிவர்பூல் கவுன்சில் ஒரு பழைய மின் நிலையத்தைக் காசூலா பவர்ஹவுஸ் என்ற கலை மையமாக 1994இல் திறந்தது. மெல்போர்னில் நாரே வாரன் பக்கம் இருப்பவர்களுக்கு 2017இல் திறந்த பஞ்சில் பிளேஸ் தெரிந்திருக்கும், அது கேசி கவுன்சில் கட்டியது. உங்கள் ரேட்ஸ் பணம் அங்கெல்லாம் இருக்கிறது. சொந்த வீடு இல்லாமல் வாடகைக்கு இருந்தாலும் வாடகை வழியாக நீங்களும்தான் கொடுக்கிறீர்கள்.

இது நேற்று ஆரம்பித்ததும் இல்லை. 1970களில், கலை என்றால் நகர மையத்து ஓபராவும் பாலேவும் மட்டும்தானா என்ற கேள்வி எழுந்து, தேசியக் கலை அமைப்பான ஆஸ்திரேலியா கவுன்சில் சமூகக் கலைக்கென்று தனியாகப் பணம் ஒதுக்க ஆரம்பித்தது. அந்த அமைப்பின் இன்றைய பெயர் கிரியேட்டிவ் ஆஸ்திரேலியா, 2023இல் மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் உள்ளூர் கவுன்சில்களில் இதற்கென்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அப்புறம் 2001இல் ஜான் ஹாக்ஸ் என்பவர், பொருளாதாரம், சமூகம், சுற்றுச்சூழல் என்ற மூன்று தூண்களோடு பண்பாட்டையும் நான்காவது தூணாக வைத்துத் திட்டமிட வேண்டும் என்று விக்டோரியாவில் இருந்து எழுதினார். கவுன்சில் ஆட்கள் இன்றும் அந்த 'நான்காவது தூண்' பேச்சை எடுப்பார்கள். பட்ஜெட் வெட்டும் நேரத்தில் முதலில் ஆடுவது அந்தத் தூண்தான், அது வேறு விஷயம்.

சரி, திருவிழா நடத்துகிற வேலைதானே?

இல்லை. விழா நடத்துகிறவர்கள் பக்கத்து மேசையில் இருப்பார்கள், அவர்களும் கடுமையாக உழைக்கிறார்கள். ஆனால் அந்த வேலை வேறு. மேடை போட்டு, கலைஞரை அழைத்து, ஐயாயிரம் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனால் விழா வெற்றி. என் வேலையில் இருபது பேர் ஒரு நூலக அறையில் எட்டு மாதம் கூடி ஏதோ ஒன்றைச் செய்து முடித்து, அதற்குப் பிறகு நான் இல்லாமலேயே தொடர்ந்து கூடினால் அதுதான் வெற்றி.

ஓர் உதாரணம். விக்டோரியாவின் மேற்கே கோதுமை பூமியில் யாரியம்பியாக் ஷயர் என்று ஒரு சிறிய கவுன்சில் இருக்கிறது. அதில் பிரிம் என்பது மிகச் சிறிய ஊர். அங்கே பயன்பாட்டில் இல்லாத தானியச் சேமிப்புக் கோபுரங்களில் 2016 ஜனவரியில் கைடோ வான் ஹெல்டன் என்ற ஓவியர் உள்ளூர் விவசாயிகளின் உருவங்களை ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிதாக வரைந்தார். ஊர்க்காரர்களின் சிறு குழு, ஒரு கலை நிறுவனம், கவுன்சில், மாநில அளவிலான கலை உதவி, கோபுரங்களுக்குச் சொந்தமான தானியக் கம்பெனி எல்லாம் சேர்ந்து நடந்த காரியம் அது. அடுத்தடுத்து ஆறு ஊர்களைத் தொட்டு 200 கிலோமீட்டர் நீளப் பாதை ஆகிவிட்டது. ஷீப் ஹில்ஸ் கோபுரத்தில் அந்தப் பகுதியின் பூர்வகுடி மூத்தவர்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். இன்று நாடு முழுக்கக் கோபுரங்களில் ஓவியம் வந்துவிட்டது. என் கருத்து என்னவென்றால், ஊர்க்காரர்கள் ஆசைப்பட்டுக் கேட்டு, தங்கள் முகத்தைத் தாங்களே சுவரில் பார்க்கிற இடத்தில்தான் அது சமூகக் கலை. சுற்றுலாப் பயணி வருவான் என்று மட்டும் கணக்குப் போட்டு வெளியூர் ஓவியரை வைத்து ஒரு கிளியை வரைந்துவிட்டுப் போனால் அது சுவருக்கு அடித்த பெயின்ட்தான், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ஒரு சாதாரண வாரம் எப்படி இருக்கும்?

பெரும்பகுதி காகிதம்தான், இதை மறைக்க விரும்பவில்லை. ஒப்பந்தம், இடர் மதிப்பீடு, பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று வந்ததா, அது ஒரு கோடி டாலருக்கா இரண்டு கோடிக்கா, பூங்காவில் மின் இணைப்பு எங்கே, பட்டறை எடுப்பவரிடம் குழந்தைகளோடு வேலை செய்வதற்கான சோதனைச் சான்று இருக்கிறதா, கூட்டத்தில் ஒலிக்கப்போகும் இசைக்கு ஒன்மியூசிக் என்ற காப்புரிமை அமைப்பின் உரிமம் யார் பெயரில். இதற்கிடையே கவுன்சிலர்களுக்கு அறிக்கை. இரண்டு சாயங்காலமாவது வெளியே போவேன், ஏனென்றால் மக்கள் வேலை முடிந்து வருவது சாயங்காலத்தில்தான்.

இந்தக் காகிதத்தைக் கேவலமாக நினைக்கிறவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம் என்று நேரடியாகவே சொல்வேன். வயதான ஓர் அம்மா தன் பேத்திகளுக்குத் தெரியாத தாலாட்டுகளைப் பதிவு செய்ய வருகிறார் என்றால், அவர் கையில் பதினான்கு பக்கப் படிவத்தைக் கொடுக்காமல் அந்தப் பதினான்கு பக்கத்தையும் நான் நிரப்பி, அவரிடம் இரண்டே கேள்வி கேட்டு முடிப்பதில்தான் என் திறமை இருக்கிறது. அமைப்பின் பாரத்தை யார் தலையில் வைக்கிறோம் என்பது இந்தத் துறையின் முக்கால்வாசி.

நான் கலைஞராக இருந்தே ஆக வேண்டுமா? என்ன படிக்க வேண்டும்?

வேண்டியதில்லை. என்னோடு வேலை செய்தவர்களில் நாடகக்காரர், சமூகப் பணி படித்தவர், நூலகர், நகரத் திட்டமிடல் படித்தவர், ஆசிரியர் எல்லாரும் உண்டு. ஏதோ ஒரு கலையில் கை நனைத்திருந்தால் நல்லது, கலைஞர் எங்கே தடுமாறுவார் என்று புரியும். அதைவிட முக்கியம், ஒரு கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பவரைக் கவனிக்கத் தெரிவது. நீங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவை நடத்தியிருந்தால், நூறு பெற்றோரைச் சமாளித்திருந்தால், அது அனுபவம்தான். விண்ணப்பத்தில் தயங்காமல் எழுதுங்கள். நம்மவர்கள் அதைச் சும்மா கோயில் வேலை என்று விட்டுவிடுகிறார்கள், பட்டங்களை மட்டும் அடுக்குகிறார்கள்.

விண்ணப்பிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

விளம்பரத்தில் தேர்வு அளவுகோல்கள் என்று ஐந்தாறு வரி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, நடந்த ஒரு சம்பவத்தை வைத்துப் பதில் எழுத வேண்டும். என்ன சூழ்நிலை, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது. 'நான் நன்றாகப் பேசிப் பழகுவேன்' என்று எழுதினால் மதிப்பெண் விழாது. பலர் இந்தப் பகுதியை அவசரமாக எழுதியே நேர்காணலுக்கு முன்பே வெளியே போய்விடுகிறார்கள். பொதுவாகக் குடியுரிமை கட்டாயம் இல்லை, வேலை செய்யும் உரிமை இருந்தால் போதும்.

இன்னொன்று. அந்தப் பதவி கவுன்சிலில் எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்று கேளுங்கள். நூலகம் அல்லது சமூக சேவைப் பிரிவின் கீழ் இருந்தால் ஆற அமர வேலை செய்ய விடுவார்கள். விளம்பரப் பிரிவின் கீழ் இருந்தால் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை படம் போட்டீர்கள் என்பதே கேள்வியாக இருக்கும்.

சம்பளம் எப்படி? நிரந்தரமா?

வாழலாம். ஐடி சம்பளத்தோடு ஒப்பிட வேண்டாம். விக்டோரியாவில் பேண்ட் என்று படிநிலை இருக்கிறது, இந்த வேலைகள் பெரும்பாலும் 5 அல்லது 6இல் வரும். நிறையப் பதவிகள் வாரம் மூன்று நாள், அல்லது இரண்டு வருட ஒப்பந்தம், மானியம் தீர்ந்தால் வேலையும் தீரும். மாநில அரசு ரேட்ஸ் உயர்வுக்கு வருடா வருடம் உச்சவரம்பு வைப்பதால் கவுன்சில்களின் கை எப்போதும் இறுக்கம்தான்.

"தமிழ்ச் சமூகத்தோடு பேசினோம்" என்று கவுன்சில் சொல்கிறது. எங்களிடம் யாரும் பேசவில்லையே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுத ஆசைப்படுகிறேன். 2021 குடிக்கணக்கில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் 95,000 பேருக்கு மேல். சிட்னியில் வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் போனால் தெருவிலேயே தமிழ் கேட்கும். டூங்காபி என்ற ஒரே ஊர் பரமட்டா, கம்பர்லேண்ட், பிளாக்டவுன் என்று மூன்று கவுன்சில்களுக்குள் கிடக்கிறது, தெருவைத் தாண்டினால் வேறு கவுன்சில், வேறு மானியத் தேதி. இத்தனை பேரையும் கவுன்சில் எப்படி அணுகும்? சங்கத் தலைவர் என்று ஒருவர் எண் கொடுத்திருப்பார், அவருக்குப் போன் போடும். அவர் சரி என்றால் கோப்பில் 'தமிழ்ச் சமூகம் ஒப்புக்கொண்டது' என்று ஏறிவிடும்.

ஆனால் நாம் ஒரே ஆளா? 83க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், 2009க்குப் பிறகு படகில் வந்து வருடக்கணக்காகத் தற்காலிக விசாவில் காத்திருந்தவர்கள், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள், மலேசியா சிங்கப்பூர் தமிழர்கள், இங்கேயே பிறந்து தமிழ் புரிந்தும் பதில் ஆங்கிலத்தில் சொல்லும் பிள்ளைகள், அகதி முகாமில் வளர்ந்தவர்கள், கணவனை விட்டுப் பிரிந்ததால் சங்கக் கூட்டங்களுக்கு வராமல் போன பெண்கள். இவர்களில் எத்தனை பேர் அந்தத் தலைவரின் போனில் இருப்பார்கள்? தலைவர்களைக் குறை சொல்லவில்லை, பலர் சொந்தக் காசைப் போட்டு உழைக்கிறார்கள். ஒரு வாசல் வழியாக மட்டும் பார்க்கிற பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். இளைஞர்கள் ஆசையோடு கற்றுக்கொண்டு வாசிக்கிறார்கள். அதே நேரம் 'அது சாவுக்கு அடிப்பதாயிற்றே, மேயர் வரும் மேடையிலா' என்ற முணுமுணுப்பும் எழும். அந்த முணுமுணுப்புக்குப் பின்னால் இருப்பது சாதி. வேறு மொழி அலுவலருக்கு அது ஏதோ சம்பிரதாயம் போலத் தோன்றும், 'கலாசார உணர்வுகளை மதித்து' நிகழ்ச்சியிலிருந்து பறையை எடுத்துவிடுவார். நம் மொழி தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்தால், இது மதிக்க வேண்டிய உணர்வு இல்லை, எல்லார் வரிப்பணத்திலும் போட்ட மேடை இது, பறைக்கு இங்கே இடம் உண்டு என்று சொல்ல முடியும். கவுன்சில்களில் தமிழர்கள் வேலைக்குச் சேர வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

பொங்கல் விழாவுக்குப் பூங்கா கேட்டால் ஏன் இத்தனை கெடுபிடி?

ஜனவரி நடுவில் வருவதுதான் சிக்கல். அங்கே தை பிறக்கும்போது இங்கே கொளுத்தும் கோடை, காட்டுத்தீ காலம். முழுத் தீத்தடை அறிவித்துவிட்டால் திறந்த வெளியில் விறகோ கரியோ எரிப்பது சட்டப்படி குற்றம், கவுன்சில் நினைத்தாலும் விலக்குக் கொடுக்க முடியாது. அந்தத் தடை பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலம்தான் தெரியவரும். அதனால் விண்ணப்பத்திலேயே இரண்டு திட்டம் எழுதுங்கள்: தடை இல்லையென்றால் விறகு, தடை என்றால் விதிமுறைப்படி கேஸ் அடுப்பு அல்லது உள்ளரங்கில் மின்னடுப்பு. பானை பொங்கினால் போதும், சூரியன் எப்படியும் மேலேயே இருக்கிறார். இரண்டு திட்டம் எழுதிய விண்ணப்பத்தைப் பார்த்தால் அலுவலருக்குப் பாதிப் பயம் போய்விடும். நிழல், தண்ணீர், வெயில் அளவு எவ்வளவு தாண்டினால் நிகழ்ச்சியை நிறுத்துவீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு கவுன்சிலில் ஆள் இருக்காது, ஆகவே ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பேச ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொரு யோசனையும் சொல்கிறேன். எல்லாவற்றையும் பொங்கல் தீபாவளி என்ற இரண்டு நாளில் ஏன் அடைக்க வேண்டும்? குளிர்காலத்தில் நூலகத்தில் வாரா வாரம் கூத்துப் பாட்டு, மூத்தவர்களின் கதை எழுதும் குழு, நூலக முற்றத்தில் கோலம். இப்படித் தொடர்ந்து நடப்பதற்கு அனுமதியும் சுலபம், செலவும் குறைவு.

கிராண்ட், அதாவது மானியம், எழுதிக் கேட்டும் கிடைக்கவே மாட்டேன் என்கிறது. எங்கே தவறு?

நான் மதிப்பீடு செய்யும்போது முதலில் பார்ப்பது பட்ஜெட் தாளை. 'ஒலி ஒளி, உணவு, இதர செலவு' என்று மூன்று வரியில் முடிந்திருந்தால் மனம் தளர்ந்துவிடும். யாருக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு என்று இருக்க வேண்டும். தொண்டர்கள் கொடுக்கும் நேரத்தையும் மதிப்புப் போட்டு உங்கள் பங்காகக் காட்டலாம், நம்மவர்கள் அதைக் காட்டுவதே இல்லை. அடுத்து, 'எங்கள் தொன்மையான பண்பாட்டைப் பரப்ப' என்று எழுதுவதை விட்டுவிட்டு, இந்த ஊரில் யாருக்கு என்ன மாறும் என்று எழுதுங்கள். வேலைக்குப் போகும் பிள்ளைகள் பகலெல்லாம் வீட்டில் இல்லாததால் தனியாகக் கிடக்கும் தாத்தா பாட்டிகள் வாரத்தில் ஒரு நாள் வெளியே வந்து பாடப்போகிறார்கள் என்றால், அது மூவாயிரம் வருட வரலாற்றைவிட எனக்கு உறைக்கும்.

பதிவு செய்த சங்கம் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். பதிவான வேறு அமைப்பு ஒன்று உங்களுக்காகப் பணத்தை வாங்கிக் கணக்குக் காட்டலாம், அதற்கு ஆஸ்பிஸ் என்று பெயர். அல்லது ஐந்து பேர் சேர்ந்தால் நீங்களே சங்கம் பதிவு செய்யலாம். எழுதுவதற்கு முன்பு அலுவலருக்குப் போன் போடுங்கள். அது சிபாரிசு ஆகாது, அதற்குத்தான் அந்த எண் அங்கே போட்டிருக்கிறது. கவுன்சிலரைப் பிடித்து அழுத்தம் கொடுப்பதுதான் தவறு, அது உங்கள் விண்ணப்பத்துக்கே கேடு.

நீங்கள் உள்ளே இருக்கிறீர்களே, நமக்குக் கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதா?

கூடாது. உறவினரோ நண்பரோ விண்ணப்பித்தால் அந்த உறவை நான் எழுத்தில் தெரிவித்துவிட்டு மதிப்பீட்டு அறையை விட்டே வெளியே போக வேண்டும். அதே மாதிரி பொன்னாடை, வெள்ளித் தட்டு, நகைப் பெட்டி. அன்பாகத்தான் தருகிறீர்கள், எனக்குப் புரிகிறது. சிறு மதிப்புக்கு மேல் போனால் பதிவேட்டில் எழுத வேண்டும், பல நேரம் திருப்பிக் கொடுக்க வேண்டும், மேடையில் வைத்து மறுப்பது எல்லாருக்கும் சங்கடம். ஒரு பூ போதும்.

கலைஞருக்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டுமா? நம் பிள்ளைகளுக்கு மேடை கிடைப்பதே பெரிசு அல்லவா?

கொடுக்கத்தான் வேண்டும். அரங்கேற்றம் முடித்த பிள்ளை ஒரு பாட்டுக்கு ஆடுவது வேறு. வருடக்கணக்காகப் பயின்று அதையே தொழிலாக வைத்திருக்கும் மிருதங்கக்காரரை இரண்டு மணி நேரம் வாசிக்கச் சொல்லிவிட்டு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து அனுப்புவது வேறு. அதே விழாவில் ஒலிபெருக்கிக்காரருக்குப் பைசா பாக்கியில்லாமல் கொடுக்கிறோமே. காட்சிக் கலைஞர்களுக்கு நாவா என்ற தேசிய அமைப்பு கட்டண அளவுகளோடு நடத்தை நெறி வெளியிட்டிருக்கிறது, கிராண்ட் எழுதும்போது அதைப் பாருங்கள்.

கலைஞர் பக்கமும் ஒரு விஷயம். ஏ.பி.என். என்ற தொழில் அடையாள எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இலவசம். எண் இல்லாமல் பில் கொடுத்தால் கவுன்சில் 47 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டிவரும். பாட்டி ஒருவர் பொழுதுபோக்காக ஒரே ஒரு கோலப் பட்டறை எடுக்கிறார், அவருக்குத் தொழில் இல்லை என்றால், வரித்துறையின் சப்ளையர் அறிக்கை என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். பல கவுன்சில் அலுவலர்களுக்கே இது ஞாபகம் வராது, நீங்களே கேளுங்கள்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் நிலத்துக்கு மரியாதை சொல்கிறார்களே, நாமும் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள், மனதிலிருந்து சொல்லுங்கள். இரண்டு வகை உண்டு. வெல்கம் டு கன்ட்ரி என்பதை அந்த நிலத்தின் பூர்வகுடி மூத்தவர்கள் மட்டுமே செய்ய முடியும், அவர்களை அழைத்து, அதற்குரிய கட்டணம் கொடுக்க வேண்டும். அக்னாலெட்ஜ்மென்ட் ஆஃப் கன்ட்ரி என்பதை யாரும் சொல்லலாம், தமிழிலும் சொல்லலாம். பரமட்டா தாருக் மக்களின் மண், மெல்போர்னில் டான்டெனாங் பக்கம் புனுராங் மக்களின் மண். நிலம் பறிபோவது என்றால் என்னவென்று நம்மில் பாதிப் பேருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் வந்த தேசியப் பண்பாட்டுக் கொள்கையிலும் முதல் தூண் பூர்வகுடிகள்தான். அவர்களின் சின்னங்களை, புள்ளி ஓவியங்களை நம் போஸ்டரில் அழகுக்காகப் போடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அகதிகளின் கதைகளை நாடகமாக்க ஆசை. கவுன்சில் உதவுமா?

உதவும். ஆனால் நான் பல கேள்வி கேட்பேன். யாருடைய கதை, சொல்ல வேண்டும் என்று கேட்டது யார்? போரின் கடைசி மாதங்களைப் பற்றி ஒருவரைப் பேச வைப்பது எளிது, பேசிவிட்டு அன்று ராத்திரி அவர் தூங்குவாரா என்பதற்கு யார் பொறுப்பு? ஊரில் குடும்பம் இருக்கிறது, விசா இன்னும் தீராதவர்களும் இருக்கிறார்கள். 2023இல் பலருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது, எல்லாருக்கும் இல்லை. முகமோ பெயரோ ஊரோ இணையத்தில் ஏறினால் திரும்ப எடுக்க முடியாது.

அதனால் ஒப்புதலை ஒரே தாளில் ஒரே நாளில் வாங்குவதை நான் ஏற்பதில்லை. ஆரம்பத்தில், ஒத்திகை பார்த்த பிறகு, மேடையேறும் முன்னால், படம் பிடிக்கும் முன்னால் என்று ஒவ்வொரு கட்டத்திலும் தமிழில், வாய்மொழியாக, அவசரப்படுத்தாமல் கேட்க வேண்டும். கடைசி நாளில் 'வேண்டாம் தம்பி' என்றால் அந்தக் காட்சி போய்விட வேண்டும், கிராண்ட் அறிக்கையில் அதற்கு விளக்கம் எழுதுவது என் வேலை. பட்ஜெட்டில் ஆற்றுப்படுத்துநர் ஒருவருக்குப் பணம் இருக்க வேண்டும். இன்னொன்று, அகதியாக வந்தவர் அந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும் என்று ஏதும் கட்டாயம் இல்லை. அவருக்குக் கிரிக்கெட் பற்றி நகைச்சுவை நாடகம் போட ஆசை இருந்தால் கவுன்சில் அதற்கும் பணம் கொடுக்க வேண்டும். துயரத்துக்கு மட்டும் நிதி கிடைக்கும் என்று ஆகிவிட்டால், நாம் மக்களைத் தங்கள் காயத்தையே திரும்பத் திரும்பக் காட்டிப் பிழைக்க வைக்கிறோம்.

அரசியல் தலையீடு இருக்குமா?

இருக்கும். தேசிய, மாநில அமைப்புகளில் அமைச்சருக்கும் நிதிக்கும் நடுவில் ஒரு குழுவாவது உட்கார்ந்திருக்கும், இங்கே கவுன்சிலர்கள் நேரடியாக வாக்களிக்கிறார்கள். 2024 மே மாதத் தொடக்கத்தில் கம்பர்லேண்ட் கவுன்சிலில், ஒரே பாலினப் பெற்றோர் பற்றிய புத்தகங்களை நூலகங்களிலிருந்து நீக்கும் தீர்மானம் 6க்கு 5 என்று நிறைவேறியது. ஊர்க்காரர்கள் திரண்டார்கள், இரண்டே வாரத்தில் அதே கவுன்சில் பெரும்பான்மையோடு அதை மாற்றியது. நம் ஆட்கள் ஏராளமாக வாழும் பகுதி அது. இன்று ஒருவருடைய புத்தகத்தை எடுக்க முடிந்தால் நாளை நம்முடைய நினைவேந்தல் கண்காட்சியையும் எடுக்க முடியும் என்பதால் இதில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. அலுவலராக நான் பகிரங்கமாகப் பேச முடியாது, குடியிருப்பவராக நீங்கள் பேசலாம்.

இதனால் பயன் இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

தலை எண்ணிக்கை மட்டும் போதாது என்று இப்போது பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். பண்பாடு, சமூகம், பொருளாதாரம், சுற்றுச்சூழல், குடிமைப் பங்கேற்பு என்று ஐந்து பக்கமும் பார்த்து, ஆரம்பத்தில் எதை எதிர்பார்த்தோமோ அதை மட்டும் கேட்டு அளக்கும் முறை பல கவுன்சில்களில் இருக்கிறது. எனக்குப் பிடித்த அளவுகோல்: வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த முறை நடத்துகிறவர்களாக வந்தார்கள்.

நான் வேலைக்கு வரப்போவதில்லை. சும்மா குடியிருக்கிறேன். எனக்கு இதில் என்ன?

உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் கலாசாரத் திட்டம் என்று ஓர் ஆவணம் இருக்கும், தேடிப் படித்துப் பாருங்கள், அதில் தமிழ் என்ற சொல் எங்காவது வருகிறதா என்று பாருங்கள். நியூ சவுத் வேல்ஸில் ஒவ்வொரு கவுன்சிலும் குறைந்தது பத்து வருடத்துக்கான சமூகத் திட்டம், நான்கு வருடத் திட்டம், வருடாந்தரத் திட்டம் மூன்றும் வைத்திருக்க வேண்டும். அடுத்த வருடத்துக்கான வரைவும் பட்ஜெட்டும் ஏப்ரல், மே வாக்கில் குறைந்தது 28 நாள் மக்கள் பார்வைக்கு வரும், ஜூன் 30க்குள் நிறைவேற்றியாக வேண்டும். அந்த 28 நாளில் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம், வந்ததையெல்லாம் கவுன்சில் பரிசீலித்தே ஆக வேண்டும். கால்பந்துக் கிளப்புகள் வருடம் தவறாமல் எழுதுகின்றன, அதனால்தான் அவர்கள் மைதானத்துக்கு விளக்கு வருகிறது. தமிழ்ப் பெயரோடு வரும் கடிதத்தை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு பத்தி போதும், தமிழிலேயே எழுதினாலும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கலாம். 'எங்கள் நூலகத்தில் தமிழ்ப் பாட்டுக் குழுவுக்கு வாரம் ஒரு அறை, பயிற்சியாளருக்குச் சம்பளம்' என்று ஒரே ஒரு விஷயத்தைக் குறிப்பாகக் கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் தனியாக ஒன்று எழுதச் சொல்லுங்கள்.